கல்சட்டிச் சோறும் கூரைமேல் பிடில்காரரும்

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமையில் கொரிய உணவகத்துக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவர் பெரியம்மாதான் என்பதை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன். அன்றைய தாமதத்துக்கு என் கணவர் இன்றுவரை என்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெரியம்மா எனக்கு இரத்த உறவு அல்லர். தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவே மிட்ராண்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று வாசல் தள்ளி, மகனோடு வாழ்கிறார். வயது 74. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் நான்காம் தலைமுறை. அவரிடம் எஞ்சியிருக்கும் தமிழ் என்பது உறவுப் பெயர்களும், சமையலறைச் சொற்களும், ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் தேவாரங்களும்தான். ஆகவே அவர் பேச்சாக நான் இங்கே தருபவை பெரும்பாலும் என் மொழிபெயர்ப்பே. ஆனால் விரதம் என்று வந்துவிட்டால் அவருக்கு முன்னால் நான் நிற்க முடியாது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த எனக்குப் புரட்டாசியில் சனிக்கிழமை மட்டும்தான் கணக்கு. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலோ அந்த மாதம் முழுவதும் மீன், இறைச்சி, முட்டை எதுவும் வாசற்படி ஏறுவதில்லை.

பேத்தியோடு உட்கார்ந்து கொரியத் தொடர்கள் பார்த்துப் பார்த்து, அந்த உணவை ஒருமுறையாவது அவர்கள் கையால் சாப்பிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்திருந்தது. எனக்கோ வேறோர் ஆசை. நகரின் வடக்குப் புறநகர் அரங்கு ஒன்றில் ஒரு குழு ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ (கூரைமேல் பிடில்காரர்) இசை நாடகத்தை மேடையேற்றிக்கொண்டிருந்தது. கல்லூரிக் காலத்தில் அதன் பாடல்களை ஒலிநாடாவில் கேட்டிருக்கிறேனே தவிர மேடையில் பார்த்ததில்லை. இரண்டு ஆசைகளையும் ஒரே மாலைக்குள் அடக்கி, நபருக்கு 320 ராண்ட் கொடுத்து ஆறாம் வரிசையில் மூன்று இருக்கைகளை வாங்கினேன். காட்சி ஏழரைக்கு. உணவகம் மாலைக் கதவைத் திறப்பது ஐந்தரைக்கு. இரண்டு மணி நேரம் தாராளம் என்று தோன்றியது.

நாடகம் முடிந்த பிறகு சாப்பிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாடகம் இடைவேளையோடு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும். வெளியே வரும்போது மணி பத்தரை ஆகிவிடும்; அந்த நேரத்தில் இந்த ஊரில் சமையலறை திறந்திருக்கும் இடத்தைத் தேடி, முழங்கால் வலியுள்ள மூதாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு அலைய முடியாது. எனவே சாப்பாடு முன்னால்தான். முன்னால் என்றால் எந்தச் சாப்பாடு என்பதில்தான் நான் தவறினேன்.

ரிவோனியாப் பக்கத்தில் கொரியக் குடும்பம் ஒன்று நடத்தும் சிறிய உணவகம் அது. உட்கார்ந்த ஐந்து நிமிடத்துக்குள், நாம் எதுவும் கேட்காமலேயே, சிறு சிறு கிண்ணங்கள் மேசையை நிரப்பிவிடும். இவற்றுக்குப் பான்சான் என்று பெயர். நம் இலையில் கூட்டும் பொரியலும் ஊறுகாயும் முதலில் வந்து உட்கார்வதைப் போன்றதுதான்; தீர்ந்தால் மறுபடியும் வைப்பார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. முளைகட்டிய பயறு, எள்ளெண்ணெய் விட்ட கீரை, சோயாச் சாற்றில் வேகவைத்த உருளைக்கிழங்கு, கிம்ச்சி. விரதக்காரருக்குச் சிக்கல் தொடங்குவதே இங்கேதான். கிம்ச்சி பார்ப்பதற்கு முட்டைக்கோஸ் ஊறுகாய் போல இருந்தாலும், வழக்கமான செய்முறையில் மிளகாய்த் தூள், பூண்டு, இஞ்சியோடு உப்பில் ஊறிய சிறு இறாலோ மீன் சாறோ சேரும். அதேபோல, ‘காய்கறிக் குழம்பு’ என்று பட்டியலில் இருப்பது பெரும்பாலும் நெத்திலிக் கருவாடும் கடற்பாசியும் கொதித்த நீரில் செய்ததாக இருக்கும். “இறைச்சி இல்லாமல் கொடுங்கள்” என்று கேட்டால் போதாது. அவர்கள் கணக்கில் மீன் சாறு இறைச்சி ஆகாது. மீன், இறால், கருவாட்டு நீர், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நான் அப்படிக் கேட்டதும், பரிமாறிய பெண் கிம்ச்சிக் கிண்ணத்தைப் பெரியம்மாவின் பக்கமிருந்து இரண்டு கைகளாலும் எடுத்து என் கணவர் பக்கம் வைத்தாள். ஆசைப்பட்டு வந்த பண்டம் கண்ணெதிரே நகர்ந்து போவதைப் பெரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். “தீபாவளிக்கு அப்புறம் வந்து பார்த்துக்கொள்கிறேன்” என்றார் அந்தக் கிண்ணத்திடம்.

அவருக்கு நான் சொன்னது தோல்சொத் பிபிம்பாப். பெயர்தான் நீளம், பொருள் நமக்குத் தெரிந்ததே. அடுப்பில் காய்ந்த கல்சட்டியில் சோறு, அதன் மேல் தனித்தனியாக வதக்கிய காய்கள், காளான், கீரை, நடுவில் கொச்சுஜாங் என்னும் சிவந்த விழுது. மாட்டிறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். விழுதும் இறைச்சி சேர்க்காத வெறும் விழுதுதானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மிளகாய்த் தூள், பசையரிசி, புளிக்க வைத்த சோயா, உப்பு ஆகியவையே அந்த விழுதின் அடிப்படை. சட்டி மேசைக்கு வந்தபோது அதன் உள்ளே சோறு இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா கரண்டியைக் கையில் எடுக்கும்வரை அந்தப் பெண் எங்களுக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை; பெரியவர் தொடங்கிய பிறகே மற்றவர்கள் தொடங்குவது என்ற வழக்கத்தைத் தொடர்களில் பார்த்திருந்த பெரியம்மா, எங்கள் இருவரையும் ஓர் ஆசிரியையின் பார்வை பார்த்துவிட்டு, முதல் கரண்டியை வாயில் வைத்தார். சோற்றைக் கிளறிக் கிளறிச் சாப்பிட்டு முடித்த பின் சட்டியின் அடியில் பொன்னிறத்தில் ஒட்டியிருந்த தகட்டைக் கரண்டி முனையால் நெம்பி எடுத்து, கையில் பிடித்து, நொறுக்கென்று கடித்தார். “காந்தல்!” என்றார். ஆங்கிலம் நடுவே அந்தச் சொல் வந்து விழுந்தது. அறுபது ஆண்டுகளாவது சொல்லாமல் இருந்திருப்பார். கொரியர்கள் அதை நூருங்ஜி என்கிறார்கள்; அதில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கவும் செய்வார்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஆறரைக்கெல்லாம் எழுந்திருக்கலாம். கல்சட்டிச் சோறு, கொதிக்கும் குழம்பு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த சேமியா போன்றவை சமையலறையிலேயே முடிந்து வருபவை. வந்ததும் சாப்பிடலாம், சாப்பிட்டதும் எழலாம். என் கணவர் மேசையின் நடுவில் பதித்திருந்த அடுப்பைப் பார்த்துவிட்டார். விரதம் இருப்பவர் எதிரில் பன்றி இறைச்சி வாட்டலாமா என்று தயங்கிப் பெரியம்மாவைப் பார்த்தார். “விரதம் வயிற்றுக்குத்தான், கண்ணுக்கும் மூக்குக்கும் இல்லை; நீ சாப்பிடு, தம்பி” என்று அவர் அனுமதி கொடுத்ததும் அடுப்பு மூட்டப்பட்டது. மேசை அடுப்பு என்பது பேசிக்கொண்டே மாலை முழுவதையும் கழிப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. அடுப்பு சூடேற வேண்டும், துண்டுகளை வாட்டித் திருப்ப வேண்டும், கத்தரியால் நறுக்க வேண்டும், கம்பி வலை கருகினால் மாற்ற வேண்டும். ஒவ்வொரு துண்டையும் இலையில் மடித்து, பூண்டும் விழுதும் வைத்து, ஒரே வாயில் போட வேண்டும். அவசரப்படுத்தினால் இறைச்சி வேகாது. காட்சிக்கு முன்னால் இதைத் தொடக் கூடாது.

இன்னொன்று, புகை. பெரியம்மா நாடகத்துக்கென்று மயில்கழுத்து நிறத்தில் பட்டுப் புடவை உடுத்தி வந்திருந்தார். உணவகத்தார் கொடுக்கும் மேலங்கி எண்ணெய்த் துளியைத் தடுக்குமே தவிரப் புகையைத் தடுக்காது. பட்டு அந்த வாசனையை வாங்கிக்கொண்டால் ஒரு வாரம் கொடியில் கிடந்தாலும் போவதில்லை. மேலாடைகளையும் சால்வையையும் காரிலேயே விட்டுவிட்டு வருவது, அடுப்பில்லாத மேசையாகக் கேட்டு வாங்குவது ஆகிய இரண்டும் எனக்கு மறுநாள்தான் தோன்றின.

நாங்கள் எழுவதற்குச் சற்று முன்னால் பக்கத்து மேசைச் சிறுவன் ஒருவன் “அப்பா!” என்று கூப்பிட்டான். பெரியம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார். கொரிய மொழியிலும் தந்தைக்கு அதுதான் சொல். இதை வைத்து இரண்டு மொழிகளும் சகோதரிகள் என்று மேடை ஏறுபவர்கள் உண்டு. குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகள் எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதே என் எண்ணம். இருந்தாலும் தமிழ் என்றாலே உறவுப் பெயர்கள் மட்டும்தான் என்று ஆகிவிட்ட ஒருவருக்கு, அந்நியர் கூட்டத்தில் அதில் ஒன்று காதில் விழுந்தால் கழுத்து திரும்பத்தான் செய்யும்.

ரசீது கேட்டு, அது வந்து, அட்டை தேய்த்து வெளியே வரும்போது மணி ஏழு. உட்காரும்போதே “எங்களுக்கு ஏழரைக்குக் காட்சி, ஆறரைக்கு எழ வேண்டும், சாப்பாட்டோடு ரசீதையும் கொண்டுவாருங்கள்” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் பதினைந்து நிமிடம் மிஞ்சியிருக்கும். பெரியம்மா கைப்பையிலிருந்து சிறு டப்பாவை எடுத்து ஆளுக்கு ஒரு சிட்டிகை சோம்பு கொடுத்தார். அன்றைய மாலையில் முன்யோசனையோடு செய்யப்பட்ட ஒரே காரியம் அதுதான். வழியில் இரண்டு சந்திப்புகளில் ரோபோ வேலை செய்யவில்லை. போக்குவரத்து விளக்குக்கு இந்த நாட்டில் ரோபோ என்றுதான் பெயர். அது அணைந்துபோனால் நான்கு பக்கத்து வண்டிகளும் நின்று நின்று, முறை வைத்துப் போக வேண்டும். சனிக்கிழமை மாலையில் அந்த முறை வருவதற்குள் எவருக்கும் பொறுமை போய்விடும்.

அரங்கின் முன்கூடத்துக்கு நாங்கள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது 7.36. கதவு அடைத்திருந்தது. வாசலில் நின்ற இளைஞர் மிகுந்த மரியாதையோடு, முதல் பாட்டு முடிந்த பிறகே உள்ளே விட முடியும் என்றார். விதி சரியானதுதான், ஆறு பேருக்காக அறுநூறு பேரைத் தொந்தரவு செய்ய முடியாது. ஆனால் இந்த நாடகத்தில் முதல் பாட்டைத் தவறவிடுவது என்பது திருமணத்துக்குப் போய்த் தாலி கட்டுவதைத் தவறவிடுவதற்கு ஒப்பானது. ஷோலம் அலைகெம் என்ற, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திய மொழியில் (யிட்டிஷ்) எழுதிய எழுத்தாளரின் பால்காரர் கதைகளிலிருந்து ஜோசப் ஸ்டைன் நாடகத்தை எழுதியபோது, ஜெர்ரி பாக் இசையமைக்க, ஷெல்டன் ஹார்னிக் பாடல்களை எழுத, இயக்குநராக வந்த ஜெரோம் ராபின்ஸ் “இது எதைப் பற்றியது?” என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பெண்களைக் கட்டிக்கொடுக்கப் பாடுபடும் பால்காரனைப் பற்றியது என்ற பதில் அவருக்குப் போதவில்லை. கடைசியில் ஒருவர், மரபு கரைந்து போவதைப் பற்றியது என்று சொன்னபோது, அப்படியானால் அதையே முதலில் காட்டுங்கள் என்றாராம். அப்படிப் பிறந்ததுதான் அந்தத் தொடக்கம். தந்தையர், தாயர், மகன்கள், மகள்கள் என்று கூட்டம் கூட்டமாக வந்து ஊரில் தங்கள் கடமை இன்னது என்று பாடி, வளையமாக நின்று ஆடுவார்கள். 1964 செப்டம்பர் 22 அன்று பிராட்வேயில் தொடங்கி 3,242 முறை நிகழ்த்தப்பட்ட நாடகத்தின் ஆணிவேர் அந்தச் சில நிமிடங்கள். அவற்றை நாங்கள் முன்கூடத்துச் சுவரில் தொங்கிய சிறிய திரையில், மங்கிய சாம்பல் உருவங்களாக, கதவு வழியாகக் கசிந்த மத்தள ஒலியோடு பார்த்தோம். பெரியம்மா மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பிடித்து, “கூரையில் யாரோ நிற்கிறார்களா?” என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

இடைவேளை வரை எங்களுக்குக் கடைசி வரிசைதான். இருட்டில் படி ஏறுவதற்கு அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இருக்கை வாங்கியபோது கணினித் திரையில் பார்த்த வரைபடத்தில் படிகளே தெரியவில்லை. முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, படியில்லாமல் போய்ச் சேரக்கூடிய, நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது. ஆறாம் வரிசையின் நடுவிடம் என்று நான் பெருமையோடு வாங்கியது அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுவை போய்விடும் என்று நினைத்து நான் எதையும் சொல்லவில்லை. அதுவும் தவறு. கூட்டமாகப் பாடும்போது ஆங்கிலச் சொற்கள் பாதிதான் பிடிபடுகின்றன. 1905ஆம் ஆண்டு, ருஷ்ய ஜார் ஆட்சிக்கு உட்பட்ட, யூதர்கள் வாழும் அனதெவ்கா என்ற சிற்றூர், பால்காரர் டெவ்யேக்கு ஐந்து மகள்கள், மூத்தவள் தரகி பார்த்த கசாப்புக்காரரை விட்டுவிட்டுத் தையற்காரனை விரும்புகிறாள் என்ற அளவுக்காவது காரில் சொல்லியிருக்கலாம். ஆனால் தரகி யென்டே வாய் திறந்ததும் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. மாப்பிள்ளையின் வயதை விழுங்கிவிட்டு அவன் சொத்தை மட்டும் சொல்லும் அந்தக் கலையைப் பெரியம்மா நன்றாகவே அறிந்திருந்தார். கடைசி வரிசையிலிருந்து எழுந்த அவர் சிரிப்புக்கு முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் பகுதி ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். உணவகத்தில் நான் மூன்று கோப்பை பார்லித் தேநீர் குடித்திருந்தேன் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மூத்த மகளின் திருமணக் கொண்டாட்டத்தில் ஆண்கள் தொப்பியின் மேல் புட்டியை நிறுத்தி மண்டியிட்டு ஆடுவதும், அந்தப் பந்தலுக்குள்ளேயே குண்டர்கள் புகுந்து எல்லாவற்றையும் உடைப்பதும் அடுத்தடுத்து வந்து, விளக்கு எரிந்துவிட்டது. மக்கள் சாக்லேட் வாங்க எழுந்து போனார்கள். பெரியம்மா எழவில்லை.

இடைவேளைக்குப் பிறகு ஆறாம் வரிசைக்குப் போனோம். பக்கத்து இருக்கையில் பெரியம்மாவின் வயதே உடைய யூத மூதாட்டி ஒருவர் இருந்தார். இந்நாட்டு யூதர்களில் பெரும்பாலோரின் முன்னோர் 1880களுக்குப் பின் லித்துவேனியாப் பகுதியிலிருந்து கப்பலேறியவர்கள். அரங்கில் பாதிப் பேருக்கு அது தாத்தா பாட்டி வீட்டுக் கதை. அவர் காற்றை முகர்ந்து பார்த்து, “பிராய்க்குப் போய்விட்டு வருகிறீர்களா?” என்று அன்போடு கேட்டார். பிராய் என்பது இந்த ஊரில் வீட்டு முற்றத்தில் இறைச்சி வாட்டும் விருந்து. புரட்டாசி விரதத்தில் இருக்கும் பெரியம்மா, பட்டுப் புடவை முந்தானையைத் தானும் முகர்ந்து பார்த்துவிட்டு, “கிட்டத்தட்ட அப்படித்தான்” என்றார். அதன் பிறகு இருவரும் சோம்பைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கடைசியில் ஊரை மூன்று நாளுக்குள் காலி செய்ய வேண்டும் என்று ஆணை வருகிறது. வண்டியில் சட்டி பானைகளை ஏற்றுகிறார்கள். டெவ்யேயின் மனைவி கோல்டா, எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகும், வீட்டைப் பெருக்க வேண்டும் என்கிறாள். அழுக்கான வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. அந்த இடத்தில் அரங்கில் சிலர் சிரித்தார்கள், அது சிரிப்புக்காகவும் எழுதப்பட்ட இடம்தான். என் இடப்பக்கம் இருந்த இருவரும் சிரிக்கவில்லை.

காரில் ஏறி நெடுஞ்சாலைக்கு வரும்வரை பெரியம்மா பேசவில்லை. பிறகு சொன்னார். அவர் பிறந்தது பிரிட்டோரியாவின் மராபஸ்டாட் பகுதியில், மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில். மக்களை இனவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் குடிவைத்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி அங்கிருந்த இந்தியர்களை லாடியம் என்ற புறநகருக்கு அனுப்பினார்கள். அவர்கள் வீட்டு முறை வந்தது அறுபதுகளின் நடுவில். கோயில் இன்றும் அங்கேயே நிற்கிறது, வீடுகள்தான் இல்லை. “லாரி வாசலில் நிற்கிறது. அப்பா கத்துகிறார். அம்மா என்னை உட்கார வைத்து ஸ்டூப்புக்குச் சிவப்பு மெழுகு போடச் சொன்னார்.” ஸ்டூப் என்பது வீட்டின் முன்திண்ணை, அதற்குச் சிவப்பு மெழுகு தேய்த்துப் பளபளக்க வைப்பது அக்காலப் பெண்களின் வாராந்திர வேலை. “இடிக்கப் போகிற வீடு என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். முழங்கால் சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன்.” என் கணவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போது அவர் கேட்டது, தொடக்கப் பாட்டில் தாய்மார்களின் கடமை என்னவென்று பாடினார்கள் என்பதுதான். வீட்டை ஒழுங்காக நடத்துவது என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு: “மை கர்ள், அடுத்த ஞாயிறு மத்தியானக் காட்சிக்கு இடம் இருக்கிறதா?”

இருந்தது. இம்முறை தொலைபேசியில் பேசி, படியில்லாத ஓர இருக்கைகள் இரண்டு வாங்கினேன். கணவர் வரவில்லை. பன்னிரண்டரைக்குப் பெரியம்மா வீட்டிலேயே பருப்பும் சோறும் பூசணிக்காய்க் கறியும் சாப்பிட்டு, மூன்று மணிக் காட்சிக்கு இரண்டேகாலுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தோம். பருத்திப் புடவை உடுத்தி வந்திருந்தார். பட்டு இன்னும் கொடியில் கிடந்தது. அதே இளைஞர்தான் வாசலில் நின்றார், எங்களைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். திரை விலகிய போது மேடையின் வலப்பக்கம் சாய்ந்த மரக்கூரை ஒன்று தெரிந்தது. பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, கூரையின் மேல் விரலை நீட்டினார்.